ஹொக்கைடோவில் கார்ப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் வடக்குக் கோடியில் இருப்பது ஹொக்கைடோ. டோக்கியோ, கியோட்டோ எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அடுத்து விசாரிப்பது இந்தத் தீவைத்தான். ஜூலையில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை என்று இரண்டு தடவை அங்கே வாடகைக் கார் எடுத்து ஓட்டியிருக்கிறேன். திரும்பி வந்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜப்பானில்தான் ரயில் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, கார் எதற்கு?

சப்போரோ, ஒதாரு, ஹாகொதாதே, அசாஹிகாவா ஆகிய ஊர்களோடு முடித்துக்கொள்வதாக இருந்தால் கார் வேண்டாம், ரயிலே போதும். ஆனால் இந்தத் தீவின் அழகு ஊர்களுக்கு வெளியே இருக்கிறது. புல்லட் ரயில் 2016-ல் தீவின் தெற்கு ஓரத்தை எட்டியதோடு சரி. மக்கள் குறையக் குறைய, உள்ளூர் ரயில் பாதைகள் பலவற்றை மூடிவிட்டார்கள். ஷிரெதோகோ தீபகற்பத்துக்குள் ரயிலே கிடையாது. கடைசி நிலையத்தில் இறங்கினாலும் உதோரோ என்ற ஊருக்கு இன்னும் 40 கிலோமீட்டர் போக வேண்டும். ஏரிகளுக்குப் போகும் பேருந்துகள் நாளைக்குச் சில முறைதான் வரும். பனிமூட்டம் விலகட்டும் என்று மாஷூ ஏரியைப் பார்க்கும் மேடையில் அரை மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டுமானால் சொந்தமாக ஒரு வண்டி இருந்தாக வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

எட்டு நாள் இருந்தால் நல்லது. ஐந்து நாள்தான் கிடைக்கும் என்றால் தீவின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் தவறு செய்யும் இடம் இதுதான். ஜப்பான் வரைபடத்தில் ஹொக்கைடோ சின்னதாகத் தெரியும். உண்மையில் அது இலங்கையை விடப் பெரியது. அங்கே வாழும் ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேரில் கிட்டத்தட்ட இருபது லட்சம் பேர் சப்போரோவிலேயே இருக்கிறார்கள். மிச்ச நிலம் முழுக்கக் காடு, மலை, வயல், மாட்டுப் பண்ணை. சப்போரோவிலிருந்து ஷிரெதோகோ 400 கிலோமீட்டருக்கு மேல். இடையில் சாப்பிட்டு, இறங்கி, நின்று போனால் ஒரு பகல் முழுதும் அதற்கே போய்விடும். எனவே ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போடாதீர்கள். பார்க்க வேண்டிய இடம் என்று பத்து எழுதி வைத்திருந்தால் நான்கை அடித்துவிடுங்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே வரும் சாலைதான் அங்கே பெரிய காட்சி. அவசரமாகக் கடந்தால் அது கண்ணில் படாது.

எந்த வழியில் போகலாம்?

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கிழக்குச் சுற்று. மொத்தம் 1,200 கிலோமீட்டர் வாக்கில் வரும்.

நியூ சித்தோஸே விமான நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே காரை எடுத்துக்கொண்டு நேரே ஃபுரானோ போய்விடுங்கள். இரண்டரை மணி நேரம் ஆகும். சப்போரோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மறுநாள் ஃபுரானோவும் பியெய்யும். ஃபுரானோவின் லாவண்டர் வயல்கள் வாசனைத் திரவியத்துக்காகப் பயிரிடப்பட்டவை. செயற்கை வாசனைப் பொருள் வந்ததும் விலை விழுந்து, விவசாயிகள் ஒவ்வொருவராகச் செடியை உழுது அழித்தார்கள். ஃபார்ம் தோமிதா என்ற பண்ணையும் அந்த நிலைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் ஜப்பானிய தேசிய ரயில்வேயின் 1976-ஆம் ஆண்டு நாட்காட்டியில் அந்த வயலின் படம் வெளிவந்தது. படத்தைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், வயல் பிழைத்தது.

பியெய்யின் நீலக் குளமும் யாரும் திட்டமிட்டு உண்டாக்கியது இல்லை. 1988-ல் தொகாச்சி எரிமலை வெடித்தபின் சேறு ஊருக்குள் பாயாமல் இருக்கத் தடுப்பணை கட்டினார்கள். அதன் பின்னால் தேங்கிய தண்ணீரில் அலுமினியம் கலந்திருப்பதால் அந்த நீலம். காலையில் முதல் ஆளாகப் போனால், பட்டுப்போய் நிற்கும் வெளிறிய மரங்களும் அவற்றின் நிழலும் மட்டும் இருக்கும், பேச்சுச் சத்தமே இருக்காது.

மூன்றாம் நாள் அசாஹிதாகே. 2,291 மீட்டர், தீவிலேயே உயரமான மலை. ரோப் கார் பாதித் தூரம் ஏற்றிவிடும். அன்றிரவு சோவுன்க்யோ பள்ளத்தாக்கில் தங்கலாம்.

நான்காம் நாள் எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம். சோவுன்க்யோவிலிருந்து தெற்கே ஏறினால் மிக்குனி கணவாய். 1,139 மீட்டர் உயரத்தில் இருக்கும் இதுதான் ஹொக்கைடோவின் தேசிய நெடுஞ்சாலைகளில் உச்சி. சுரங்கப் பாதை முடிந்து வெளியே வந்ததும் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கீழே நடந்து போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு, அதன் நடுவே ஒரு சிவப்புப் பாலம் வளைந்து போகும். வேறு வீடில்லை, கம்பமில்லை. பாலத்தின் மேலே மட்டும் வண்டியை நிறுத்திவிடாதீர்கள். இறங்கினால் நுகாபிரா ஏரி. அணை கட்டியதால் 1955-ல் ரயில் பாதை இடம் மாறியது. 1937-ல் கட்டிய தவுஷுபெட்சு பாலம் மட்டும் ஏரிக்குள்ளேயே நின்றுவிட்டது. தண்ணீர் ஏறும்போது மூழ்கும், இறங்கும்போது வளைவு வளைவாக வெளியே வரும். ஒவ்வொரு குளிர்காலமும் பனி அதைக் கொஞ்சம் அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் நிற்குமோ, போனால் பார்த்துவிடுங்கள். இரவு அக்கான் ஏரிக்கரை.

ஐந்தாம் நாள் மாஷூ, குஷ்ஷாரோ ஏரிகள். குஷ்ஷாரோவின் கரையில் சுனாயு என்ற இடத்தில் மணலைக் கையால் தோண்டினால் வெந்நீர் ஊறும். குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். பிறகு ஷாரி வழியாக உதோரோ. ஷாரியில் 28 கிலோமீட்டர் அம்பு மாதிரி நேராகப் போகும் சாலை ஒன்று உண்டு. மேட்டில் ஏறி நின்று பார்த்தால் சாலையின் நுனி வானத்துக்குள் போய்விடும்.

ஆறாம் நாள் காலையில் ஷிரெதோகோவின் ஐந்து ஏரிகளைப் பார்த்துவிட்டு, கணவாய் ஏறி ராவுசு பக்கம் இறங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் எதிரே கடலில் குனாஷிரி தீவு தெரியும். ஜப்பான் உரிமை கோரும், ரஷ்யாவின் கையில் இருக்கும் தீவு அது. இரவு குஷிரோ. ஏழாம் நாள் குஷிரோ சதுப்பு நிலம், பிறகு ஓபிஹிரோ. எட்டாம் நாள் விரைவுச் சாலையில் திரும்பிவிடலாம்.

எந்த மாதம் போவது?

லாவண்டருக்கு ஜூலை நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. ஜப்பானின் மற்றப் பகுதிகள் ஜூனில் மழையில் நனையும்போது இங்கே பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஜூலையில் ஃபுரானோவில் அறை கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுப்பகுதி. ஜப்பானிலேயே முதலில் இலை சிவப்பது அசாஹிதாகே பக்கத்து மலைகளில்தான். மலையில் தொடங்கி, அக்டோபரில் அந்த நிறம் கீழே ஏரிக்கரைகளுக்கு இறங்கி வரும்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் நான்கு மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் வேண்டும். ஜப்பான் ஏற்றுக்கொள்வது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுக்கப்பட்ட புத்தகத்தை மட்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் அந்த உடன்படிக்கையில் இருப்பதால் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான் இதைத் தரும். கைக்கு வந்ததும் அட்டையில் 1949 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதிப் புத்தகம், அசல் உரிமம், பாஸ்போர்ட் மூன்றையும் எப்போதும் காரில் வைத்திருங்கள். நகல் காட்டினால் கார் தர மாட்டார்கள்.

கார் வாடகைக்கு எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது காப்பீடு. அடிப்படைக் காப்பீடு இருந்தாலும், வண்டி பழுதுபார்க்கும் நாட்களுக்கு நிறுவனம் தனியாக ஒரு தொகை வாங்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே திருப்பித் தர முடிந்தால் பொதுவாக 20,000 யென், முடியாவிட்டால் 50,000 யென். தினமும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அதுவும் தள்ளுபடி ஆகிவிடும். கட்டிவிடுங்கள், நிம்மதியாக ஓட்டலாம்.

இரண்டாவது சுங்கச் சாவடிக்கான ஈ.டி.சி. அட்டை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு, இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணத்தில் ஹொக்கைடோ விரைவுச் சாலைப் பாஸ் உண்டு. ஆனால் கிழக்குச் சுற்றில் பெரும்பகுதி இலவசமான தேசிய நெடுஞ்சாலைகள்தான். உங்கள் வழியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வழிகாட்டிக் கருவி. நடுக்காட்டில் முகவரி என்று ஒன்று இருக்காது. போகும் இடத்தின் தொலைபேசி எண்ணையோ, மேப்கோட் என்ற எண்ணையோ அதில் தட்டினால் போதும். எல்லா இடங்களின் மேப்கோட்களையும் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள்.

ஆறு வயதுக்குள் குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஓட்டுவது கஷ்டமா?

இல்லை. நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலது பக்கம். நம் ஊரில் ஓட்டிப் பழகியவருக்கு அங்கே ஓட்டுவது ஓய்வு எடுப்பது மாதிரி. ஹாரன் சத்தமே கேட்காது.

பழக்கத்தை மாற்ற வேண்டிய இடங்கள் சில உண்டு. தலைகீழ் முக்கோணத்தில் சிவப்புப் பலகை தெரிந்தால் வண்டி முழுதாக நிற்க வேண்டும், மெதுவாக்கினால் போதாது. ரயில்வே கேட் திறந்திருந்தாலும், ரயில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாவிட்டாலும், ஒரு கணம் நின்றுதான் கடக்க வேண்டும். சிவப்பு விளக்கில் இடது பக்கமும் திரும்பக்கூடாது. பலகை இல்லாத சாதாரணச் சாலையில் வேகம் 60. சாலை காலியாக, நேராக, நீளமாக இருக்கும். கால் தானாக அழுத்தும். பிபாயிலிருந்து தகிக்காவா வரை 12-ஆம் எண் நெடுஞ்சாலை 29.2 கிலோமீட்டர் நேர்க்கோடு, ஜப்பானிலேயே நீளமானது. அந்த மாதிரி இடங்களில் வேகமானியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டியவரோடு கூட உட்கார்ந்து வந்தவருக்கும் தண்டனை உண்டு.

சாலை ஓரத்தில் உயரமான கம்பத்திலிருந்து சிவப்பும் வெள்ளையுமான அம்புக்குறி கீழ்நோக்கித் தொங்கும். முதல் நாள் முழுக்க அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. பனியில் சாலை மறைந்துபோகும்போது அதன் விளிம்பு இங்கேதான் என்று காட்டுகிறது. அக்டோபரில் ஒரு மாலை மலைப்பாதையில் மூடுபனி இறங்கி வெள்ளைக் கோடே தெரியாமல் போனது. ஒரு அம்பு, அடுத்த அம்பு, அதற்கடுத்த அம்பு என்று பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

பெட்ரோல் போடுவது எப்படி?

வாடகைக் கார் பெரும்பாலும் ரெகுலர் பெட்ரோலில் ஓடும். அதன் குழாய் சிவப்பு. மஞ்சள் என்றால் உயர் ஆக்டேன், பச்சை என்றால் டீசல். டீசலுக்கு ஜப்பானிய மொழியில் ‘கெய்யு’. சின்னக் கார்களுக்குப் பெயர் ‘கெய்’. பெயரைக் கேட்டுவிட்டுக் கெய் காருக்குக் கெய்யு போடுகிறவர்கள் உண்டு. எஞ்சின் போய்விடும். நிறத்தைப் பாருங்கள், போதும்.

ஆள் வந்து போடும் நிலையமாக இருந்தால் “ரெகியுரா, மன்தான்” என்றால் ரெகுலர், முழுத் தொட்டி. கிழக்கே ஒரு சின்ன ஊரில் வயதான ஒருவர் போட்டார். போட்டு முடித்து, கண்ணாடியைத் துடைத்து, நாங்கள் கிளம்பும்போது சாலையின் நடுவே போய் நின்று, வந்துகொண்டிருந்த ஒரே ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி எங்களை அனுப்பினார். கண்ணாடியில் பார்த்தேன், நாங்கள் வளைவில் திரும்பும் வரை குனிந்தபடியே நின்றார்.

கிழக்கிலும் வடக்கிலும் பெட்ரோல் நிலையங்கள் தூரத்தூரமாக இருக்கும், மாலையிலேயே மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்காமலும் இருக்கலாம். பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுங்கள்.

மிருகங்கள் குறுக்கே வருமா?

வரும். எஸோ மான்தான் பெரிய ஆபத்து. நல்ல எடை, மோதினால் காரின் முன்பக்கம் நொறுங்கிவிடும். அக்டோபர், நவம்பரில், அந்தி சாயும் நேரத்திலிருந்து இரவு வரை மோதல்கள் அதிகம். ஒரு மான் கடந்துவிட்டால் உடனே வண்டியை எடுக்காதீர்கள். எங்கள் முன்னால் ஒரு பெண் மான் தாவிக் கடந்தது. நிறுத்தியே வைத்திருந்தோம். அதன் பின்னால் இரண்டு, அப்புறம் ஒரு குட்டி. சூரியன் மறைவதற்குள் தங்கும் இடம் சேர்வது என்று அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டோம்.

நரிகள் சாலையோரம் வந்து உட்கார்ந்து காரையே பார்க்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் சோறு போடாதீர்கள், தொடாதீர்கள். எக்கினோகாக்கஸ் என்ற ஒட்டுண்ணி அவற்றின் வழியாக மனிதருக்கு வந்து கல்லீரலைக் கெடுக்கும். அதே காரணத்தால் ஓடைத் தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது.

கரடி உண்டு, பழுப்புக் கரடி. ஷிரெதோகோ ஐந்து ஏரிகளில் மே 10 முதல் ஜூலை 31 வரை தரைப்பாதையில் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். 800 மீட்டர் நீள உயர்நடைபாதை இலவசம், அதில் பயமில்லை. சாலையில் கரடியைக் கண்டால் காரை விட்டு இறங்கவே கூடாது.

பியெய்யில் வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. ஒரு அடிகூட வைக்கக்கூடாது. அது பூங்கா இல்லை, ஒருவர் உருளைக்கிழங்கும் கோதுமையும் போட்டுப் பிழைக்கும் நிலம். நம் செருப்பில் ஒட்டி வரும் மண்ணில் பயிர் நோயும் புழுவும் வரலாம், வந்தால் வயலே போய்விடும். அங்கே ஒரு பாப்ளர் மரம் இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏதோ யோசிப்பதுபோல் நிற்கும் என்பதால் ‘தத்துவ மரம்’ என்று பெயர். அதைப் படம் எடுக்க வந்தவர்கள் வயலுக்குள் நடந்து நடந்து, சொல்லிச் சொல்லிப் பார்த்த விவசாயி 2016 பிப்ரவரியில் மரத்தையே வெட்டிவிட்டார். மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது. ஆனாலும் அதை வெட்டும்படி அவரை வைத்தது நம்மைப் போல வந்து போகிறவர்கள்தான். சாலையிலிருந்தே படம் எடுங்கள், காரை வளைவில் நிறுத்தாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் தயாரிப்போடு. பார்க்கச் சைவமாகத் தெரியும் சூப்பிலும் சாஸிலும்கூட உலர்ந்த மீன் சாறு இருக்கும். சப்போரோவின் சூப் கறியில் காய்கறி வகை கிடைக்கும். பெரிய பெரிய துண்டாகக் கத்தரிக்காய், பூசணி, கிழங்கு. மசாலா வாசனை நம் மூக்குக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் குழம்பின் அடிச் சாறு பெரும்பாலும் கோழியோ பன்றியோ, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ‘இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்களைக் காப்பாற்றியது சேய்கோமார்ட். ஹொக்கைடோவில் தொடங்கிய கடைத் தொடர், சின்ன ஊரிலும் இருக்கும். சூடாக்கிச் சாப்பிடும் வெறும் சோற்றுப் பெட்டியும், இனிப்பில்லாத தயிரும் வாங்கி, காரின் முன்பக்கத்தில் வைத்துப் பிசைந்து, ஊரிலிருந்து கொண்டுபோன மாவடு ஊறுகாயோடு சாப்பிட்டோம். ஜப்பானின் பாலில் பாதிக்கு மேல் இந்தத் தீவில்தான் கறக்கிறார்கள், தயிர் அவ்வளவு கெட்டி. வழியில் அவித்த சோளம், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, முலாம்பழம் எல்லாம் கிடைக்கும். இறைச்சி கலந்த பண்டம், பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஏரி பார்க்கும் மேடைகள் பலவும் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. சாலையோரம் ‘மிச்சி நோ எகி’ என்ற நிலையங்கள் ஹொக்கைடோவில் மட்டும் 120-க்கு மேல் உண்டு. 24 மணி நேரமும் சுத்தமான கழிவறை. அதுவே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும். அறை பதிவு செய்யும்போது மட்டும் தரையில் மெத்தை விரிக்கும் அறையா, கட்டிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்கள் ஏன் எல்லாம் ‘பெட்சு’, ‘நாய்’ என்று முடிகின்றன?

அவை ஜப்பானிய மொழியே இல்லை. தீவின் பூர்வகுடிகளான அய்னு மக்களின் மொழி. பெட், நாய் இரண்டுக்கும் ஆறு, ஓடை என்று பொருள். ஷிரெதோகோ என்றால் நிலத்தின் நுனி. 1869-ல்தான் ஜப்பான் அரசு இந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் வைத்தது. அய்னுக்கள் நிலத்தையும் மொழியையும் இழந்த கதை அதிலிருந்து வேகம் எடுத்தது. 2019-ல்தான் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகள் என்று எழுதியது. மறு ஆண்டு ஷிராவோயில் உபோபோய் என்ற தேசிய அருங்காட்சியகம் திறந்தது. விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடைசி நாளில் அரை நாள் மிச்சம் இருந்தால் அங்கே செலவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஓட்டலாமா?

பனியில் ஓட்டிப் பழகாதவர் ஓட்டாதீர்கள். எவ்வளவு ஆசை இருந்தாலும் வேண்டாம். பனிக்கான டயர் போட்டுத்தான் கார் தருவார்கள், ஆனால் சாலை கண்ணாடிபோல் உறைந்திருக்கும்போது டயர் மட்டும் காப்பாற்றாது. ஷிரெதோகோ கணவாய் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை மூடியே இருக்கும். 2013 மார்ச்சில் அடித்த பனிப்புயலில் ஹொக்கைடோவில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் பனியில் புதைந்த காருக்குள், புகைக்குழாய் அடைபட்டதால் விஷவாயு ஏறி இறந்தவர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. அபாஷிரியில் கடல் மேல் மிதந்து வரும் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமா? பிப்ரவரியில் ரயிலிலும் பேருந்திலும் போங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. சின்னக் கீறலாக இருந்தாலும் காவல்துறையை அழைத்துப் பதிவு செய்யாவிட்டால் காப்பீடு கிடைக்காது. பிறகு வாடகை நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பெட்ரோல் நிலையத்தில் முழுத் தொட்டி நிரப்பி, ரசீதை வைத்திருங்கள், சில இடங்களில் கேட்பார்கள். கார் கொடுக்கும் இடம் விமான நிலையத்துக்கு வெளியே இருக்கும், அங்கிருந்து சிற்றுந்தில் கொண்டுபோய் விடுவார்கள். அதற்குச் சேர்த்து, விமானம் கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். வழிகாட்டிக் கருவியில் சேமித்த தங்குமிட எண்களையும், கதவு இடுக்கில் கிடக்கும் ஈ.டி.சி. அட்டையையும் மறக்காமல் பாருங்கள்.